ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டு இணையக் கட்டணம் ஏறுவது ஏன்?

உட்லண்ட்ஸ்வாசி (திங்கள், இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1 கிகாபிட் வேக ஃபைபர் (கண்ணாடியிழை) இணைப்பு ஒன்றை மாதம் 39.90 வெள்ளிக்கு எடுத்திருந்தேன். கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து ஜைரோ வழியாகத் தானாகக் கழிந்துவிடுவதால் நான் பில்லைத் திறந்து பார்ப்பதில்லை. நேற்று வேறொரு வேலையாக வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான், மூன்று மாதங்களாக 54.90 வெள்ளி போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ஒப்பந்தம் முடிந்த மாதத்திலிருந்து இந்த உயர்வு தொடங்கியிருக்கிறது.

விலை ஏறியதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. அதே நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், புதிதாகச் சேருபவருக்கு என்னுடையதைவிடப் பத்து மடங்கு வேகமான இணைப்பு, நான் இப்போது செலுத்துவதைவிடக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது. தொலைத்தொடர்பில் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் குறையும் அந்த விலை யாருக்குக் குறைகிறது? இந்த ஊரில் வீட்டு இணையக் கட்டணம் எப்படி மாறி வந்திருக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

---

கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு 10.05)

உங்களுக்கு விலை ஏறவில்லை, விலைக் கழிவு (தள்ளுபடி) முடிந்துவிட்டது. பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் வழக்கமான கட்டணம் 54.90 என்றும், அடுத்த வரியில் ஒப்பந்தக் கழிவு 15 வெள்ளி என்றும் இருக்கும். ஒப்பந்தம் தீர்ந்ததும் இரண்டாவது வரி மறைந்துவிடுகிறது, முதல் வரி மட்டும் நிற்கிறது. மூன்று மாதத்திற்கு 45 வெள்ளி போயிற்று. மேலும் போகாமலிருக்க நாளைக்கே அழைத்துப் பேசுங்கள்.

---

பழைய மோடம் (திங்கள், இரவு 11.30)

உட்லண்ட்ஸ்வாசி கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பொதுமக்களுக்கான இணையச் சேவை 1994இல் சிங்நெட்டுடன் தொடங்கியது. அடுத்த ஆண்டு பசிபிக் இன்டர்நெட் வந்தது. அது, பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காக நடத்தப்பட்ட டெக்நெட் வலையமைப்பிலிருந்து பிறந்தது. அதன் பிறகு சைபர்வே வந்தது. அந்தக் காலத்தில் நாம் இரண்டு இடத்தில் பணம் கட்டினோம். இணைய நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், கணினியை இணையத்தோடு இணைத்த மோடம் பெட்டி தொலைபேசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் ஒன்று. எனவே விலை என்பது மாதத்திற்கு இவ்வளவு என்று நிற்கவில்லை. நீங்கள் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நெரிசல் குறைந்த இரவு நேரத்தில் நிமிடக் கட்டணம் மலிவு என்பதால் வீட்டில் அனைவரும் உறங்கிய பிறகே நான் இணைப்பேன். யாராவது தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். பில் வந்த நாளில் என் தந்தையார் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இருந்ததில்லை.

1990களின் பிற்பகுதியில் அரசாங்கத்தின் 'சிங்கப்பூர் ஒன்' திட்டத்தோடு அகன்ற அலைவரிசை (பிராட்பேண்ட்) வந்தது. சிங்டெல் தன் தொலைபேசிக் கம்பியில் ஏடிஎஸ்எல் என்ற வேகமான இணைப்பைக் கொடுத்தது. சிங்கப்பூர் கேபிள் விஷன் தன் தொலைக்காட்சிக் கம்பியில் கேபிள் மோடம் கொடுத்தது. மாதம் ஒரே தொகை, நேரக் கணக்கு இல்லை என்ற பழக்கம் மெல்ல மெல்ல இதனால்தான் நமக்கு வந்தது. 2000 ஏப்ரல் 1 அன்று தொலைத்தொடர்புச் சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. முதலில் குறித்திருந்த காலத்தைவிட இரண்டு ஆண்டு முன்னதாகவே அது நடந்தது. ஆயினும் வீட்டு இணையத்தின் விலை உடனே சரிந்துவிடவில்லை. காரணம் எளியது: சந்தையில் எத்தனை பேருக்கு உரிமம் கொடுத்தாலும், உங்கள் வீட்டுச் சுவருக்குள் நுழைந்திருந்த கம்பிகள் இரண்டே இரண்டுதான். கேபிள் நிறுவனம் 2002இல் ஸ்டார்ஹப் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துடன் இணைந்த பிறகு, அகன்ற அலைவரிசை வேண்டுமென்றால் பெரும்பாலும் இவர் அல்லது அவர் என்ற நிலையே நீடித்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது விலைக் கட்டுப்பாடு அன்று. மூன்றாவதாக ஒரு கம்பி வந்தது, அதை விற்பனையாளர் எல்லாருக்கும் பொதுவாக வைத்தார்கள். 2008இல் ஓப்பன்நெட் என்ற கூட்டமைப்பைத் தேர்ந்தெடுத்து, நாடு முழுவதும் கண்ணாடியிழை பதிக்க 750 மில்லியன் வெள்ளி வரை அரசாங்கம் ஆதரவளித்தது. அதன்மேல் கருவிகளை இயக்கும் பொறுப்பு மறு ஆண்டு நியூக்ளியஸ் கனெக்ட் என்ற நிறுவனத்துக்குப் போனது. அதற்கென 250 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கப்பட்டது. 2010இல் சேவை விற்பனைக்கு வந்தது. சொந்தமாக ஒரு மீட்டர் கம்பி கூட இல்லாத நிறுவனங்கள் வீட்டு இணையம் விற்கத் தொடங்கியது அதன் பிறகே. 2014 தொடக்கத்தில் மைரிபப்ளிக் 1 கிகாபிட் இணைப்பை மாதம் 49.99 வெள்ளிக்கு அறிவித்தபோது என் அலுவலகத்தில் ஒருவரும் நம்பவில்லை. அடுத்த சில மாதங்களில் மற்ற நிறுவனங்களும் அந்த விலையை நோக்கி இறங்கிவிட்டன.

---

செங்காங் தாமரை (செவ்வாய், காலை 7.15)

பழைய மோடம் ஐயா, வேலைக்குப் போகும் ரயிலிலேயே முழுவதையும் படித்து முடித்தேன். ஆனால் ஒன்று புரியவில்லை. 2014இல் 49.99 வெள்ளி என்றால், பதினோரு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் பலர் நாற்பது, ஐம்பது வெள்ளியையே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இது குறைந்ததா, குறையவில்லையா?

---

இழைக்காரர் (செவ்வாய், மதியம் 12.50)

நான் வலையமைப்புத் துறையில் வேலை செய்பவன், எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. தாமரை அவர்களின் கேள்விக்குப் பதில், நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு மெகாபிட்டுக்கு (ஆயிரம் மெகாபிட் ஒரு கிகாபிட்) எவ்வளவு என்று அளந்தால், 2014இன் 49.99 வெள்ளித் திட்டத்தில் ஏறத்தாழ 5 காசு. 2024இல் சிம்பா நிறுவனம் 10 கிகாபிட்டை 29.99 வெள்ளிக்குக் கொடுத்தது. அதில் ஒரு மெகாபிட் அரைக் காசைக்கூடத் தொடவில்லை. 2016இல் சிங்டெல் அதே 10 கிகாபிட் வேகத்தை மாதம் 189 வெள்ளிக்கு அறிமுகப்படுத்தியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் குடும்பங்கள் மெகாபிட் கணக்கில் பணம் கட்டுவதில்லை. மாதத்திற்கு ஒரு தொகை கட்டுகிறார்கள், அந்தத் தொகைக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது.

அந்தத் தரையை விளக்குகிறேன். உங்கள் வீட்டுக் கதவருகே உள்ள சிறு வெள்ளைப் பெட்டிவரை வரும் இழை, எந்தச் சேவை நிறுவனத்துக்கும் சொந்தமானது அன்று. அது நெட்லிங்க் என்ற இழை நிறுவனத்தினுடையது. ஓப்பன்நெட்டை நெட்லிங்க் 2013இல் வாங்கியது. 2017இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் சேவை நிறுவனங்கள் அதற்கு மாதந்தோறும் ஒரு வாடகை செலுத்துகின்றன. அந்த வாடகையைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் நிர்ணயிக்கிறது. தொடக்கத்தில் 15 வெள்ளியாக இருந்தது, 2018இல் 13.80 வெள்ளியாகவும், 2024 ஏப்ரலில் 13.50 வெள்ளியாகவும் இறங்கியது. பத்து ஆண்டுக்கு மேலான காலத்தில் மொத்தம் ஒன்றரை வெள்ளி.

இப்போது 29.99 வெள்ளித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 9 விழுக்காடு பொருள் சேவை வரியைப் பிரித்தால் நிறுவனத்தின் கையில் நிற்பது ஏறத்தாழ 27.50 வெள்ளி. இழை வாடகை 13.50 போக மீதி 14 வெள்ளி. தொலைபேசி நிலையத்தில் உள்ள கருவிகள், உங்கள் வீட்டில் வைத்த பெட்டி, கடலடிக் கம்பிகள் வழியாக வெளிநாட்டுக்குப் போகும் திறன், பில், வாடிக்கையாளர் சேவை, விளம்பரம், இவை எல்லாவற்றையும் அந்த 14 வெள்ளிக்குள் அடக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த 13.50 என்பது ஓர் இழைக்கான வாடகை, வேகத்துக்கான வாடகை அன்று. நீங்கள் 500 மெகாபிட் எடுத்தாலும் 10 கிகாபிட் எடுத்தாலும் இழை ஒன்றுதான், வாடகையும் ஒன்றுதான். வேகத்தைத் தீர்மானிப்பவை இழையின் இரு முனைகளிலும் உள்ள மின்னணுக் கருவிகள், அவற்றின் விலையோ ஆண்டுதோறும் சரிகிறது. ஆகவே நிறுவனங்களுக்கு விலையைக் குறைப்பதைவிட வேகத்தைக் கூட்டிக் கொடுப்பது எளிது. கட்டணம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்க, வேகம் மட்டும் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று வளர்ந்ததற்கு இதுதான் காரணம்.

---

செங்காங் தாமரை (செவ்வாய், மாலை 6.20)

நன்றி ஐயா. பதின்மூன்றரை வெள்ளிக் கதையை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

என் கவலையையும் சொல்லிவிடுகிறேன். தோ பாயோவில் என் அம்மா தனியாக இருக்கிறார்கள். இந்தத் தலைப்பைப் பார்த்த பிறகு அவர்களுடைய பில்லை வாங்கிப் பார்த்தேன். மாதம் 59.90 வெள்ளி, வேகம் 500 மெகாபிட். ஒப்பந்தம் எப்போது முடிந்தது என்றே பில்லில் இல்லை. பழைய கடிதங்களைத் தேடியதில் ஐந்து ஆண்டுகள் ஆகியிருப்பது தெரிந்தது. அம்மா பயன்படுத்துவது வாட்ஸ்அப் அழைப்பும், காலையில் பக்திப் பாடலும், இரவில் ஒரு தொடரும்தான். சிக்கல் என்னவென்றால் கணக்கு அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா தவறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மறு ஒப்பந்தம் பற்றிக் கேட்க நிறுவனத்தை அழைத்தால், கணக்குக்கு உரியவரே பேச வேண்டும் என்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை (செவ்வாய், இரவு 8.45)

தாமரை, இறப்புச் சான்றிதழின் நகலோடு அம்மாவை அழைத்துக்கொண்டு கடைக்கே நேரில் செல்லுங்கள். தொலைபேசியில் இதை முடிக்க முடியாது.

இன்னொரு பொறியையும் இங்கே சொல்லி வைக்கிறேன். பிசி ஷோ, கோமெக்ஸ், சிடெக்ஸ் போன்ற கணினிக் கண்காட்சிகளில், "முதல் ஆறு மாதம் இலவசம்" என்ற பலகையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 45 வெள்ளி, 24 மாத ஒப்பந்தம், முதல் ஆறு மாதம் இலவசம். பதினெட்டு மாதம் கட்டினால் 810 வெள்ளி, இருபத்து நான்கு மாதத்திற்குப் பங்கிட்டால் மாதம் 33.75. பக்கத்துக் கடையில் இலவச மாதம் ஏதும் இல்லாமல் மாதம் 36 வெள்ளிக்கு ஒரு திட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதே மலிவு, ஐயமில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகு நீங்கள் ஆறு மாதம் மறந்திருந்தால்? முதல் திட்டத்தில் 810உடன் 270 சேர்ந்து 1,080 வெள்ளி. இரண்டாவது திட்டம் அதே 36 வெள்ளியில் தொடர்ந்தால் முப்பது மாதத்திற்கு அதுவும் 1,080 வெள்ளி. முன்னால் கொடுத்த இலவசத்தைப் பின்னால் வந்த ஆறு மாத மறதி அப்படியே விழுங்கிவிட்டது. மறதியை நம்பித்தான் அந்தப் பலகையே எழுதப்படுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

ரவுட்டர் இலவசம், பற்றுச்சீட்டு (வவுச்சர்) இலவசம் என்பவற்றையும் இதே முறையில் மொத்தத் தொகைக்குள் கொண்டுவந்து, அதை மாத எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

---

இரவுப்பணி (புதன், அதிகாலை 3.10)

நான் மாறுபட்ட கருத்துடையவன். இவ்வளவு மலிவாகக் கொடுக்க வேண்டும் என்று நாம் ஏன் வற்புறுத்துகிறோம்? இழைக்காரர் சொன்ன 14 வெள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நல்ல வாடிக்கையாளர் சேவையை எதிர்பார்ப்பது நியாயமா? சென்ற ஆண்டு என் இணைப்பு அறுந்தபோது, தொழில்நுட்பர் வர நான்கு நாள் ஆயிற்று. வீட்டிலிருந்தே இரவு வேலை செய்பவனுக்கு நான்கு நாள் என்பது நான்கு நாள் சம்பளம். அந்த நிறுவனத்தின் திட்டம் பட்டியலிலேயே மலிவானது.

போட்டி என்கிறோம், அதுவும் எத்தனை நாள் நீடிக்கும் என்று தெரியவில்லை. மைரிபப்ளிக்கின் இணையச் சேவைப் பிரிவில் பெரும்பான்மைப் பங்கை 2022இல் ஸ்டார்ஹப் வாங்கியது, மீதியையும் 2025இல் வாங்கிவிட்டது. 49.99 வெள்ளியைக் கொண்டுவந்த அதே நிறுவனம். எம்1 நிறுவனத்தின் தொலைத்தொடர்புப் பிரிவை சிம்பாவுக்கு விற்கவிருப்பதாகவும் 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. கம்பி ஒன்றாக இருந்து விற்பவர் பலராக இருப்பதுதான் விலையைக் கீழே வைத்திருக்கிறது என்று பழைய மோடம் ஐயா சொன்னது சரியென்றால், விற்பவர் எண்ணிக்கை சுருங்குவதைப் பற்றி நாம் இன்னும் கவலைப்பட வேண்டும்.

---

பழைய மோடம் (புதன், காலை 9.00)

இரவுப்பணி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அதிகக் கட்டணம் வாங்கிய காலத்திலும் தொழில்நுட்பருக்காகக் காத்திருந்தவன் நான். விலைக்கும் பொறுப்புக்கும் உள்ள தொடர்பு நாம் நினைக்கும் அளவுக்கு நேரானது அன்று. மேலும், தாமரையின் அம்மா மாதம் 59.90 கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது கூடுதல் சேவை செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

---

இழைக்காரர் (புதன், பிற்பகல் 1.15)

புதிய ஒப்பந்தம் எடுக்கப்போகிறவர்களுக்கு இரண்டு சொல்கிறேன்.

முதலாவது, 10 கிகாபிட் என்பதற்காக மயங்க வேண்டாம். நாடு முழுவதும் வலையமைப்பை அந்த வேகத்துக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக 2024இல் ஆணையம் அறிவித்தது. 2028க்குள் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகளை எட்டுவது இலக்கு. நல்ல முயற்சிதான். ஆனால் உங்கள் மடிக்கணினியின் கம்பி முனை 1 கிகாபிட்டோடு நின்றுவிடக்கூடும். அதைவிட, வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் பலர் ரவுட்டரை 'பாம் ஷெல்டர்' என்று நாம் அழைக்கும் பாதுகாப்பறைக்குள் வைத்து, எஃகுக் கதவையும் சாத்திவிடுகிறார்கள். அந்தக் கனத்த கான்கிரீட் சுவரைத் தாண்டி வைஃபை வருவதற்குள் 10 கிகாபிட்டும் 1 கிகாபிட்டும் ஒன்றாகிவிடும். அதே விலைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கொடுத்து எடுப்பதற்கு முன் ரவுட்டரை வெளியே எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, நிறுவனம் மாறுவதற்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் நெட்லிங்க் பெட்டியில் இரண்டு துளைகள் இருக்கும். பழைய இணைப்பு ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை மற்றொன்றில் பொருத்திச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் புதிய நிறுவனம் உங்களுக்காகப் பழைய கணக்கை மூடாது. அதை நீங்களே எழுதிக் கொடுத்து மூட வேண்டும். முன்னறிவிப்புக் காலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடாமல் விட்டு, இரண்டு பில் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

---

உட்லண்ட்ஸ்வாசி (வியாழன், இரவு 9.25)

அழைத்தேன். முதலில் பேசியவர், பழைய வாடிக்கையாளருக்கு 44.90 வெள்ளிதான் தர முடியும் என்றார். இணைப்பைத் துண்டித்துவிட விரும்புகிறேன் என்று நான் சொன்னதும் வேறொரு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பேசிய அம்மையார் இரண்டு நிமிடத்தில் 36.90 வெள்ளி என்றார், அதுவும் கூடுதல் வேகத்தோடு. கழிந்துபோன 45 வெள்ளியைப் பற்றிக் கேட்டேன், அது திரும்ப வராதாம். நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன், உண்மையிலேயே எழுதியிருக்கிறது.

ஒப்பந்தம் முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டும்படி கைப்பேசியில் குறித்து வைத்துவிட்டேன். ஆனால் 44.90க்கும் 36.90க்கும் இடையில் இருந்தது என்ன என்பதுதான் எனக்கு இன்னமும் விளங்கவில்லை. நெட்லிங்க் வாடகை இரண்டிலும் ஒன்றுதானே?

---

கணக்குப்பிள்ளை (வியாழன், இரவு 9.50)

இடையில் இருந்தது நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அதன் விலை மாதம் எட்டு வெள்ளி, இருபத்து நான்கு மாதத்திற்கு 192 வெள்ளி.

---

செங்காங் தாமரை (சனி, மாலை 5.40)

இன்று அம்மாவோடு கடைக்குப் போய் வந்தேன். இறப்புச் சான்றிதழைக் காட்டினோம். கணக்கை அம்மா பெயருக்கு மாற்றித் தருவார்கள் என்றுதான் எதிர்பார்த்துப் போனேன். அந்தப் பையன் திரையைப் பார்த்துவிட்டு, பெயர் மாற்றினால் பழைய திட்டமே தொடரும், அதைவிட அப்பாவின் கணக்கை மூடிவிட்டு அம்மா பெயரில் புதிதாகத் திறப்பது நல்லது என்றான். முன்கூட்டி மூடுவதற்கான அபராதம் இல்லை, ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டதே.

அப்படியே செய்தோம். பன்னிரண்டு ஆண்டாக அந்த நிறுவனத்துக்கே பணம் கட்டி வந்த வீட்டில் அம்மா இப்போது புதிய வாடிக்கையாளர். மாதம் 33 வெள்ளி, ரவுட்டரும் புதியது. திரும்பி வரும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: அப்பா பெயரில் இனி அந்த பில் வராதா என்று.